உட்காருங்க, என்ன அவசரம்

ராடோசாவ் டுர்மிட்டோர் மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கி வந்தது ஒரே ஒரு காப்பி குடிக்கத்தான். அது மே மாதம். ஜூலை பிறந்தும் மனிதர் கடற்கரைக்காரன் த்ரிப்போவின் வீட்டில், கடலைப் பார்த்த அறையில்தான் இருந்தார்.

தப்பு த்ரிப்போவுடையது. வந்தவர் அவன் மகனுக்கு ஞானத்தகப்பன். எங்கள் நாட்டில் 'கூம்' என்ற அந்த உறவு கடவுளுக்கு அடுத்த பதவி. சில வீடுகளில் ஒரு படி மேலே. காப்பி முடிந்து எழுந்தவரிடம், கடற்கரைக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்: "உட்காருங்க கூமே, என்ன அவசரம்?"

கடற்கரையில் அதற்கு 'சரி, கிளம்புங்க' என்று பொருள். மலையில் சொல் என்றால் சொல். ராடோசாவ் உட்கார்ந்துவிட்டார்.

தினமும் காலையில் தொப்பியை மாட்டுவார். "கிளம்பறேன் கூமே. ஆடெல்லாம் என்னைத் தேடும்."

த்ரிப்போவின் நாக்கு தானாக ஓடும். "அட, உட்காருங்க..."

பெருமூச்சோடு உட்காருவார்.

மனைவி லூசே கொதித்தாள். "சனிக்கிழமை ஜெர்மன்காரங்க வர்றாங்கய்யா. அந்த ரூம் வாடகையை நம்பித்தான் நம்ம குளிர்காலமே இருக்கு. கடலைப் பார்த்துக்கிட்டே இருக்காரே, ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா?"

"சொன்னாரே. 'இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு மாடு வாய் வைக்க முடியுதா?'ன்னார்."

வெள்ளிக்கிழமை காலை த்ரிப்போ வாய் நிறைய உலர்ந்த அத்திப்பழத்தை அடைத்துக்கொண்டான்.

"கிளம்பறேன்," என்றார் ராடோசாவ்.

த்ரிப்போ மென்றான்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "கிளம்பறேன்னு சொன்னேன்."

மென்றான்.

ராடோசாவின் மீசை துடித்தது. "துருக்கிக்காரன்கூட எங்க பாட்டனை உட்காரச் சொல்லிட்டுத்தான்யா தலையை வெட்டினான்!"

போய்விட்டார். லூசே விரிப்பை மாற்றினாள். த்ரிப்போ பாட்டுப் பாடினான்.

மறுநாள் ஜெர்மன்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ராடோசாவின் குலமே, வாசல் நிலையில் மண்டை இடிக்காமல் குனிந்து குனிந்து நுழைந்தது. பகைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு பாலாடைக்கட்டி.

"எங்க அண்ணனை உட்காரச் சொல்லாத வீடு இதுதானா?" என்றார் தம்பிக்காரர். "ஏன்னு கேக்கத்தான் வந்தோம். நின்னுக்கிட்டே கேட்டுட்டு உடனே போயிடுவோம்."

லூசே கணவன் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். எட்டவில்லை.

"அய்யோ, நின்னுக்கிட்டேவா? உட்காருங்க, என்ன அவசரம்?"

உட்கார்ந்தார்கள். கட்டிலில், மாடிப்படியில், படகில்கூட. ராடோசாவ் தன் பழைய அறைக்கே போனார்.

ஜெர்மன் தம்பதியை எங்கே வைப்பது? மலையில் ஒரு கிராமமே காலியாகக் கிடந்தது. த்ரிப்போ அவர்களைக் காரில் ஏற்றி, ராடோசாவ் வீட்டிலேயே இறக்கினான். அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து, "கடல் எங்கே?" என்றாள்.

"அதோ, கீழே. மூடுபனி விலகினா பளிச்சுன்னு தெரியும்மா."

ஒழுங்கான ஜனம். நீச்சலுடையை மாட்டிக்கொண்டு இரண்டு வாரமும் ஜன்னலோரம் காத்திருந்தார்கள்.