இரண்டு தாய்மாமன்கள், ஒரு பிள்ளை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன ஆவணியில், கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மைக்கைப் பிடித்த எங்கள் சொந்தக்காரர்கள் அதை விடவே இல்லை. எழுபதாம் வருடம் வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்த கூலிப் போராட்டத்தை நடத்தியது தான்தான் என்று ஏழு பேர் பேசினார்கள். அதில் இரண்டு பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அந்த ஏழு பேரில் உண்மையில் அங்கே இருந்தவர் இராஜாங்கம் மாமா மட்டும்தான், அவரை மேடையிலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். இவர்கள் மானத்தை வாங்கியே தீருவது என்று வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

'பசுமை கொழிக்கும் காவிரிக்கரையில்' (அடித்துவிட்டேன். கொழித்தது யாருக்கு?)

'இராஜாங்கம் ஒரு தற்பெருமைக்காரர்.' (இது இருக்கட்டும்.)

2

மாசி மாதம். அம்சத்தின் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். அவளுடைய ஒரு வயதுப் பிள்ளைக்குக் காதுகுத்து. (பிள்ளை நான்தான். பெற்றவளை 'அவள்' என்று எழுதக் கூசுகிறது. ஆனால் 'அம்மா' என்று எழுதினால் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.) பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்சத்துக்குக் கூடப் பிறந்தவர் தங்கையன். இராஜாங்கம் அவளுடைய பெரியம்மா மகன், அவரும் தாய்மாமன் முறைதான். சிக்கல் இங்கேதான்.

இரண்டு மாதம் முன்னால், மார்கழியில், அரைப்படி கூலி கூடக் கேட்டு ஊரே வேலையை நிறுத்தியிருந்தது. ஆட்சி மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. மிராசுதார் வீட்டு வாசலில் கொடி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் தங்கையன். அவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார். பதினொன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் போய் மடையைத் திறந்துவிட்டார்.

பயிர் பிழைத்தது. இறங்கி வர இருந்த மிராசுதார் நிமிர்ந்துகொண்டார். போராட்டம் இன்னும் ஒன்பது நாள் இழுத்தது. கடைசியில் அரைப்படி கிடைத்தது. ஆனால் அந்த ஒன்பது நாளில் தெருவில் அடுப்பு எரியவில்லை, அம்சத்துக்குப் பால் வற்றிப்போனது.

3

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

"ஒரு மூட்ட நெல்லு போயிருக்கும்டி அவன் வீட்டுக்கு" என்றாள் அம்சத்தின் நாத்தனார் ரெங்கம்மாள். பந்தலின் மறுகோடிக்குப் போவதற்குள் அது மூன்று மூட்டையாகி, ஒரு கறவை மாடும் சேர்ந்துகொண்டது.

4

இங்கே எனக்குத் தங்கையன் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு மனிதர் சும்மா எப்படி மடையைத் திறப்பார்? முதல் வரைவில், மிராசுதாரின் ஆட்கள் பிள்ளையைத் தூக்கிவிடுவோம் என்று மிரட்டியதாக எழுதினேன். இரண்டாவதில் காசு வாங்க வைத்தேன். மூன்றாவதில் கள் குடிக்க வைத்தேன். எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. ஆகவே அவரையே பேசவிடுகிறேன்.

5

"கட்டுப்பாட்ட ஒடச்சவன் மடியில புள்ளைய வச்சீங்கன்னா இந்தப் பந்தல்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று எழுந்தார் இராஜாங்கம். "நானும் தாய்மாமன்தான். எங்கிட்ட குடு அம்சம்."

எல்லோரும் தங்கையனைப் பார்த்தார்கள்.

"அண்ணன் சொல்றது நெசந்தான். தொறந்தது நான்தான். தப்புதான்" என்றார் அவர்.

"எவ்வளவுடா வாங்குன?"

"ஒண்ணும் வாங்கல. பயிரு பால் புடிக்கிற நேரம். தரை வெடிச்சுக் கெடந்துச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

அம்சம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஒன் மருமவனுக்குப் பால் இல்லாமப் போச்சுண்ணே. இன்னொரு தடவ இப்புடி வந்தா என்ன செய்வ?"

இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்னால் போதும். பந்தலே அதற்குக் காத்திருந்தது. நானும் பேனாவோடு காத்திருந்தேன்.

"தெரியல தங்கச்சி. தொறந்துதான் வுடுவேன் போலருக்கு."

(இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். போராட்டத்தின் பெருமைக்கு ஏழு பேர். பழிக்கு ஒரே ஆள், அதுவும் கேட்ட மாத்திரத்தில். நான் கட்டிக்கொடுத்த மூன்று பொய்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. இப்படி ஒரு மனிதர் என் ரத்தத்தில் இருந்தாரா என்று மலைத்துப்போனேன்.)

6

இப்போது இராஜாங்கத்தைக் கோமாளியாக்கிக் கதையை முடித்துவிடலாம். 'இராஜாங்கம் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார், அந்தக் கை'

அந்தக் கை நீளாது. வலக்கை அவருக்கு இடுப்புக்கு மேல் எழவே எழாது, அந்த மார்கழியில் விழுந்த போலீஸ் தடி. அதே கையோடு அவர் வலங்கைமான் வரை நடந்து, வீடு வீடாக நின்று கேழ்வரகு வாங்கிவந்து எங்கள் தெருவுக்குக் கூழ் ஊற்றினார். அந்தக் கூழில்தான் நான் பிழைத்தேன். ஐம்பது வருடமாக ஒவ்வொரு பந்தலிலும் அதைச் சொல்லிச் சொல்லியே யாரும் நம்பாதபடி ஆக்கிவிட்டார். ஆனால் அது பொய் இல்லை. பட்டினியும் அடியுமாக ஒரு மனிதர் போக வரப் பத்து மைல் நடந்திருக்கிறார். இதற்கும் மலைத்துத்தான் போனேன். மற்றவர்கள் மானத்தை வாங்க உட்கார்ந்த எனக்கு இவர்களில் யாரை எடைபோடத் தகுதி? நானும் எனக்கென்று ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

7

முடிவுகள்:

தங்கையன் மடி. இராஜாங்கம் துண்டை உதறிக்கொண்டு போகிறார், பாதிப் பந்தல் அவரோடு போகிறது.

இராஜாங்கம் மடி. தங்கையன் வரப்பில் இறங்கித் தனியாக நடக்கிறார்.

இருவரும் முழங்காலோடு முழங்கால் சேர்த்து உட்கார, பிள்ளை நடுவில். (சினிமா. சொந்தக்காரர்கள் கைதட்டுவார்கள். அடித்துவிட்டேன்.)

அன்று பந்தலில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மாவைக் கேட்டேன். "காது குத்துனாங்க. நீ கத்துன" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஆகவே பந்தல் அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மடியும் காலியாக இருக்கிறது. "நேரம் போவுதும்மா" என்கிறார் ஊசியோடு காத்திருக்கும் பத்தர். அம்சத்துக்குக் கை கடுக்கிறது. எனக்கு எழுத வரவில்லை. இந்தாருங்கள், பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள். அழுவான், பயப்படாதீர்கள். யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள்?