பெயர் சொல்லாத வீடு

அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘மாறிகள் இல்லாத நிரல்மொழிகளின் வரலாறு. உரை: திருமதி அம்பலவாணன்.’ 1996-இல், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் பேசவிருந்த முதல் கருத்தரங்கு. மாதக்கணக்கில் படித்தவள் நான். அம்பலவாணன் என் கணவர். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். மேடையில் ஒரு தடவையாவது என் பெயர் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அச்சாகிவிட்டதே, இதில் என்ன இருக்கிறதம்மா என்று சிரித்தார்.

வீட்டில் அத்தையிடம் சொல்லி என்ன பயன்? என் மாமியார் யார் பெயரையும் சொல்ல மாட்டாள். கணவர் பெயரைச் சொல்லக்கூடாது. அவள் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள். தன் மாமனார் பெயர் என்பதால் அதுவும் அவள் வாயில் வராது. அதனால் என் கணவர் ‘பெரியவன்’, அதே பழக்கத்தில் நானும் ‘இவளே’. ஆனாலும் வீடு தடங்கலில்லாமல் நடந்தது. “ஆத்துக்குப் போனவுகளுக்கு மொதல்ல இலை போடு” என்பாள். அந்த இலை என் மாமனாருக்கு என்பதில் நான் ஒரு நாளும் குழம்பியதில்லை.

அதையே உரையில் உதாரணமாக வைத்தேன். எக்ஸ், ஒய் என்று மாறிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு அலையாமல், ஒரு செயலை இன்னொரு செயலோடு கோத்தே கணக்கை முடிக்கலாம் என்று 1920-லேயே ஷோன்ஃபிங்கெல் என்ற கணித அறிஞர் காட்டினார். 1977-இல் பாக்கஸ் என்ற கம்ப்யூட்டர் அறிஞர் அந்தப் போக்கில் ஒரு நிரல்மொழியையே முன்வைத்தார். ஷோன்ஃபிங்கெல் சொன்ன முறை ஒன்றுக்குப் பின்னால் வந்த கர்ரியின் பெயரே நிலைத்துவிட்டது என்று சொன்னபோது என் குரல் சூடாகத்தான் இருந்தது. முன்வரிசையில் முதல்வர் ரசித்துத் தலையாட்டினார். பக்கத்தில் பட்டுச்சேலையில் அத்தை.

நன்றியுரையில் முதல்வர், திருமதி அம்பலவாணன் அசத்திவிட்டார் என்றார். மாமியாரே வந்திருக்கிறார், மருமகளைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று மைக்கை நீட்டினார். அத்தை எழுந்து திருதிருவென்று விழித்தாள்.

“நீங்க சொன்ன பேரு என் வாயில வராதுங்க. அது எங்க மாமனார் பேரு” என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எம் மருமவ பேரு சங்கரி.”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாயால் என் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான். மேடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.