திருத்துறைப்பூண்டிப் போர்

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மூளவிருந்த அணுகுண்டுப் போரை நிறுத்தியவன் நான்தான். இரண்டாயிரத்து இரண்டு ஜூன் மாதம், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நாலு மைலில், என் வீட்டுக் கூடத்தில் லுங்கியோடு நின்றபடி, ஒரே ஒரு டெலிபோன் பேச்சில் நிறுத்தினேன். அதுவும் எனக்கு வந்த கால்தான், நான் போட்டதில்லை.

இதை நான் ஆரம்பித்தால் டீக்கடையில் எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். வீரையன் மட்டும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். கூலிக்காகக் கொடி பிடித்து மூன்று தடவை உள்ளே போய் வந்தவன். பொய் சொல்லவே வராத ஒரு வியாதி அவனுக்கு உண்டு. எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. முப்பத்து மூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, அடுத்தவர் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆனவன் நான்.

அந்த வருஷம் ஆறு மாதமாக இரண்டு தேசத்துப் பட்டாளமும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் கையிலும் அணுகுண்டு. ரேடியோவைத் திருப்பினால் சண்டை வருமா வராதா என்பதே பேச்சு. எங்கள் பக்கம் மேட்டூர் அணையே திறக்கவில்லை. வழக்கமாகத் திறக்கிற ஜூன் பன்னிரண்டும் வந்து போனது. குறுவைக்கு ஒரு சொட்டு இல்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது, காற்றில். ஊரில் ஒருத்தருக்கும் உட்கார முடியவில்லை. மதகு வரைக்கும் நடப்பார்கள், வெடித்த சேற்றைப் பார்ப்பார்கள், திரும்பி வந்து நியூஸ் கேட்பார்கள், மறுபடி மதகுக்கு நடப்பார்கள். நான் பார்த்த அளவில் அந்த ஒரு மாதத்தில் எங்கள் ஊர் மொத்தமாக டெல்லிக்கே நடந்து போய்த் திரும்பியிருக்கும்.

வீரையனுக்கு அந்தச் சண்டை நிஜமாகவே வயிற்றில் விழுகிற சண்டை. அவன் குத்தகைக்கு உழுத மூன்று ஏக்கர் டெல்லியில் இருக்கும் சந்தானகிருஷ்ணனுடையது. சந்தானகிருஷ்ணன் அறுபத்தி மூன்றில் உத்தியோகம் கிடைத்து வடக்கே போனவர். அப்புறம் கல்யாணம் கருமாதிக்குத்தான் வந்தார். குத்தகைதாரர் பேரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சட்டம் வந்தபோது, வீரையன் அலைந்து அலைந்து நாற்பது பேருக்குப் பதிந்து கொடுத்தான். தன் பேரைப் பதியவில்லை. "உனக்கும் எனக்கும் நடுவுல தாசில்தார் எதுக்குடா?" என்று சந்தானகிருஷ்ணனின் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். ரோஷக்காரன், விட்டுவிட்டான்.

மே மாதக் கடைசியில் சந்தானகிருஷ்ணனிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. குண்டு விழுந்தால் முதலில் டெல்லிதான், வெள்ளைக்காரர்களெல்லாம் பெட்டி கட்டுகிறார்கள், ஜூன் முடிவதற்குள் நானும் பர்வதமும் ஊரோடு வந்துவிடுகிறோம், நிலத்தை இனி நானே பார்த்துக்கொள்வேன், வீரையனிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று எழுதியிருந்தார். பக்குவமாகத்தான் சொன்னேன். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனான். அவன் பெண்டாட்டி செவ்வந்திதான் தினமும் காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, சண்டை வந்துருமா?"

"வராதும்மா."

"நேத்தும் இதான் சொன்னீங்க. ரேடியோவுல வேற மாதிரி சொல்றான். எவனோ எவன் மேலயோ குண்டு போட்டா எங்க அடுப்பு ஏண்ணே அணையணும்?"

உள்ளே போய் ரேடியோவை அணைத்தேன். கேட்டே சம்பளம் வாங்கிய எனக்கே கேட்க முடியாமல் போனது என்றால் நிலவரம் எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம்தான், வீரையன் உழுகிற நிலத்துக்கு அடுத்த வயல்காரர் வைரக்கண்ணு போர் போட ஆரம்பித்தார். ஆறு கைவிட்ட பிறகு வசதி உள்ளவர்கள் எல்லோரும் போர்தான் போட்டார்கள். நிலம் என் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால். வண்டி வைத்துத் துளைக்கிற சத்தத்தில் என் வீட்டு ஓட்டிலிருந்து பல்லி உதிர்ந்தது. நாற்பது பல்லி எண்ணினேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டெல்லியிலிருந்து சந்தானகிருஷ்ணன் போன்.

"துரைக்கண்ணு! என்னப்பா அது சத்தம்?"

"போர் சார்."



"என்ன சொன்னே?"

"போர் சார். நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க."

"அங்கேயா? நம்ம ஊர்லயா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் சண்டை என்றால் சண்டை, போர் என்றால் ஒன்று வைக்கோல், இல்லாவிட்டால் பூமியில் போடுகிற ஓட்டை. இவர் ஊரை விட்டுப் போனபோது அந்த ஓட்டை இந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. இனிமேல் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். தேவைப்படவும் இல்லை.

"எல்லா ஊர்லயும்தான் சார். அதிராம்பட்டினம் பக்கம் ஆரம்பிச்சு இப்படியே வந்துட்டாங்க."

"கடல் வழியாவா! பேப்பர்ல ஒண்ணும் வரலியே?"

"இதெல்லாம் எங்க சார் பேப்பர்ல போடப் போறான்?"

"ஆட்கள் யாருன்னு பார்த்தியா?"

"வெளியூர் ஆளுங்க சார். தமிழ் வரல. ஹிந்தியா, உருதுவான்னு எனக்குப் பிடிபடல."

"ஈஸ்வரா! கவர்மெண்ட் என்ன பண்றது?"

"பர்மிஷன் குடுத்திருக்காங்க சார்."

பின்னால் பர்வதம் அம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

"நம்ம நெலம் என்னாச்சு?"

"எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்தான் சார் இருக்காங்க. வீரையன் மட்டும் நிலத்தை விட்டு நகர மாட்டேன்னு நிக்கிறான்."

அதுவும் சத்தியம். காலையிலிருந்து வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தான்.

சந்தானகிருஷ்ணன் அவசரமாகக் கணக்குப் போட்டார். உழுகிற ஆள் பேரில் பதிவு இல்லாத நிலத்தை மிலிட்டரி எடுத்துக்கொண்டுவிடும், உடனே வீரையன் பேரைக் குத்தகைப் பதிவில் ஏற்று, சம்மதக் கடிதம் இன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். மூன்றாம் நாள் ஸ்பீட் போஸ்ட் வந்தது, கையெழுத்தோடு.

கடிதத்தை வீரையனிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். செவ்வந்தி சிரித்தாள், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. அவன் முகம் இறுகிவிட்டது.

"போனைப் போடு துரை."

"எதுக்கு?"

"உள்ளதைச் சொல்லணும்."

"பைத்தியமாய்யா உனக்கு? நாப்பது பேருக்கு வாங்கிக் குடுத்தியே, ஒனக்கு ஒண்ணு தானா நடந்து வந்துருக்கு!"

"அந்த நாப்பதும் நெசத்துல வாங்குனது."

செவ்வந்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வேணாம்யா" என்றாள் மெதுவாக. அவன் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலமாக இருந்தால் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். போட்டுக் கொடுத்தேன், பழக்கதோஷம், ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டேன்.

"ஐயா, வீரையன் பேசறேங்க. இங்க சண்டை ஒண்ணுமில்லைங்க. தண்ணிக்குக் கொழா எறக்கறாங்க, அதுக்குப் பேரு போருங்க. உங்க கடுதாசிய திருப்பி அனுப்பிடவாங்க?"

  செவ்வந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணிக்கா? ஏன், ஆத்துல தண்ணி இல்லையா?"

"மேட்டூரே தொறக்கலைங்க. இவங்க போட்ட போர்லயும் உப்புத் தண்ணிதாங்க."

"ஜூன்ல ஆறு காஞ்சு கெடக்கா?" அவருக்குக் குண்டைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. "அப்போ அங்க வந்து நான் என்னத்தைப் பண்றது? நீ எப்படிடா அதுல நிக்கறே?"

"நின்னு பழக்கங்க."

"சரி. கடிதாசு இருக்கட்டும். யுத்தத்துக்குப் பயந்து எழுதினேன், வாஸ்தவம். உழறது நீதானே, அது பொய்யில்லையே. பதிஞ்சுக்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் துரைக்கண்ணு கழுத்தைப் பிடிச்சு நெரி. நான் மாப்பிள்ளைட்ட சொல்லி, அவன் தன் ஆபீஸ்ல சொல்லி, அங்க ரெண்டு மணி நேரம் மேப்பை விரிச்சு வச்சுண்டு திருத்துறைப்பூண்டி எங்கேன்னு தேடியிருக்கான்கள்!"

மாப்பிள்ளைக்கு டெல்லியில் எந்த ஆபீஸ் என்று நான் சொல்ல மாட்டேன், தேச ரகசியம். ஆனால் அந்த வாரமே ரேடியோவில் பதற்றம் தணிகிறது என்றார்கள். தெற்கேயும் ஒரு போர் நடக்கும்போது வடக்கே எவன் ஆரம்பிப்பான்?

குத்தகைப் பதிவு உத்தரவு வந்த அன்று டீக்கடையில் இதை முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். நம்பமுடியாமல் எல்லோரும் வீரையனைப் பார்த்தார்கள். அவன் வழக்கம்போல எழுந்தான். செவ்வந்தி குறுக்கே நின்றுகொண்டாள்.

"எங்க ஓடற? கேக்கறாங்கல்ல, சொல்லு."

வீரையன் உத்தரவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். என்னை எரிப்பதுபோல் பார்த்தான்.

"மேப்ப விரிச்சுத் தேடுனது நெசம். என் காதாலேயே கேட்டேன்" என்றான். "போதுமாடா? நடந்துச்சு."