கனமில்லாத பூனை

குமாரபாளையத்தில் மருதாசலம் வீட்டுப் பூனை தரையை விட்டு எழும்பியது எண்பத்து மூன்றாம் வருடம், ஆடி மாதத்தில். நூல் விலை ஏறியதும் அதே வாரம்தான் என்பதால் தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பேசிய சிலரும், மருதாசலத்தின் மனைவி முத்தாயம்மாள் குருவிகளுக்குக் கம்புத் தானியம் போட்டதால் வந்த வினை என்று சொல்லிவிட்டு, மறுபடி நூல் விலைக்குப் போய்விட்டார்கள்.

முத்தாயம்மாளின் காதைத் தறி வாங்கிக்கொண்டது. எழுபதாம் வருடம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசைத்தறிகளுக்கு நடுவே நின்றவள். முதலில் கோயில் மேளம் கேட்காமல் போயிற்று, பிறகு பஸ் ஹாரன், பிறகு மருதாசலத்தின் குரல். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். ஆனால் அவளுக்கு ஒரே ஒரு சத்தம் மிஞ்சியிருந்தது. வீட்டோடு சேர்ந்த தறிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த முருங்கை மரத்துச் சிட்டுக்குருவிகளின் சத்தம். தறி ஓடினாலும் கரண்ட் போனாலும் அது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. ஈரோட்டு டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, அப்படிக் கேட்க வழியே இல்லை என்றார். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையிலும் அவள் புழக்கடையில் கம்பு இறைத்தாள். குருவி இருக்கும்வரை தான் முழுச் செவிடு இல்லை என்று நம்பினாள்.

பூனையையும் விட முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும், கஞ்சி போட்ட பாவு நூல் என்றால் எலிக்கு உயிர். ஒரு ராத்திரி கடித்தால் போதும், ஒரு பாவே பாழ். அதனால் இளம்பிள்ளை ஊரில் இருந்த அவள் தங்கை வீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை வந்து பட்டறையில் வளர்ந்தது. எலியும் பிடித்தது, குருவியும் பிடித்தது. "ஏனுங்க, இந்தப் பூனையத் தொரத்திப்புடலாமுங்களா?" என்று அவள் கேட்டதற்கு, மருதாசலம் தறியை நிறுத்தாமல் உதட்டை அகல விரித்துச் சொன்னான்: "தொரத்திப்புடு. நாளைக்கு எலிகிட்டயே போயி கூலி வாங்கிக்கலாம்."

அவள் பவானிச் சந்தையில் கன்றுக்குட்டிக்குக் கட்டும் சின்ன மணி ஒன்றை வாங்கிவந்து பூனையின் கழுத்தில் கட்டினாள். பக்கத்து வீட்டுப் பாப்பாயி சுவருக்கு மேலே தலை நீட்டி, "ஏனக்கா, சலங்கை கட்டி ஆட உடப்போறியா?" என்று கேட்டாள். "அது ஆடுனா நீ வந்து பாடு. சத்தம் கேட்டா குருவி பறந்துக்குமில்ல" என்றாள் முத்தாயம்மாள். பூனைக்கு வயிறு நிறைந்திருந்தால் குருவி தப்பும் என்று, கம்பு இறைக்கும் நேரத்திலேயே அதற்கும் பால்சோறு வைத்தாள். பூனை தினமும் அவள் காலை உரசிக்கொண்டு மணி கிணுகிணுக்க வந்தது. மணியும் கம்பும் சேர்ந்தே வந்ததால், மணி அடித்தால் தீனி என்று குருவிகள் கற்றுக்கொண்டன. பிறகு பூனை எங்கே நடந்தாலும் மரத்திலிருந்து இறங்கி அதன் எதிரே தத்தித் தத்தி வந்தன. தெருவில் காது மிஞ்சியிருந்த அத்தனை பேருக்கும் அந்த மணி கேட்டது. கட்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. தெரிந்துதான் செய்கிறாள் என்று நினைத்து வருடக்கணக்கில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. பட்டறை எலிகளுக்கும் தறிச் சத்தத்தில் காது போயிருந்ததால் அவையும் தொடர்ந்து மாட்டின.

தின்ற ஒவ்வொரு குருவிக்கும் பூனையின் எடை குறைந்தது. மருதாசலம் ஒருநாள் அதை நூல் நிறுக்கும் தராசில் உட்கார வைத்தான்; முள் அசையவில்லை. தராசுதான் பழுது என்று எடுத்துப்போய் ரிப்பேர் செய்து வந்தான்.

எண்பத்திரண்டில் ஒரு கரண்ட் கட்டின்போது பாப்பாயி பேச்சுவாக்கில் சொன்னாள்: "மணிச் சத்தத்துக்குத்தான் குருவியெல்லாம் ஓடியாருது. உனக்குத் தெரியும்னில்ல இருந்தேன், அக்கா!" முத்தாயம்மாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே மணியை அவிழ்த்துத் தகரப் பெட்டியில் போட்டாள். ஆனால் மணியும் இல்லாமல் கனமும் இல்லாமல் போன பூனை வருவது குருவிக்கு எப்படித் தெரியும்? மீதிக் குருவிகளை அது அடுத்த ஆடிக்குள் முடித்துவிட்டது.

கடைசிக் குருவி போன காலை, காதில் ஒன்றுமே விழாததால், தறி நின்றுவிட்டதா என்று அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் பூனை எழும்பி, முருங்கைக் கிளையைத் தாண்டி, துணி காயப்போடும் கம்பியில் கால்களை மடக்கி உட்கார்ந்தது. மறுநாள் பழக்கத்தில் அவள் கம்பு இறைத்தாள். பூனை இறங்கி வந்து கம்பை ஒவ்வொரு தானியமாகப் பொறுக்கித் தின்றது. பிறகு வாயைத் திறந்தது. தெருக்காரர்களுக்கு மியாவ் என்று கேட்டது. அவளுக்கு, தின்னப்பட்ட குருவிகள் அத்தனையும் கேட்டன. கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பு தின்னும் பூனை எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசிக்குள் எலிகள் இரண்டு பாவைக் கடித்துவிட, மருதாசலம் ஒரு கடுவன் பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான். வந்த அன்றே அது எலி பிடித்தது. மத்தியானம் முருங்கை நிழலில் படுத்து, கம்பியில் இருந்த பெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முத்தாயம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து மணியைக் கையில் எடுத்தாள். "கட்டுனாலும் போச்சு, கட்டலீன்னாலும் போச்சு" என்றாள், தனக்கே கேட்காத குரலில். மணியைப் பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டு, முறத்தில் கம்பு அள்ளிக்கொண்டு புழக்கடைக்கு நடந்தாள். கடுவன் அவள் காலை உரசிக்கொண்டே பின்னால் வந்தது. மேலே கம்பியில் இருந்த பெட்டைப் பூனைக்குள் குருவிகள் பேச ஆரம்பித்திருந்தன.