இறங்கும்போது பார்த்தது

சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் பந்தாட்டக் குழுவுக்கு ஆள் எடுக்க ஒரே ஒரு சோதனைதான். ஏலக்காய் மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஓட வேண்டும். முந்தி ஏறுகிறவர்களுக்கு இடம். கால்பந்து என்ன, மேலேயே போய்க்கொண்டிருக்கிற ஆட்டமா? திரும்பி இறங்கி வருகிறவனை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை.

1955இல் பாஸ்கல் மட்டும் பார்த்துத் தொலைத்தான். அவன் குழுவின் கேப்டன், வயது பத்தொன்பது. முதலாவதாக ஏறிய ஏசுரத்தினம் இறங்கி வருகையில், ஒவ்வொரு எட்டுக்கும் அவன் வலது முட்டி உள்பக்கமாக மடிந்து மடிந்து நிமிர்ந்தது. இது நல்லதற்கில்லை என்று பாஸ்கலுக்குத் தோன்றியது. ஆனால் ஏசுரத்தினத்தைப்போல ஓட வேறு ஆள் இல்லை, தோட்டங்களுக்குள் நடக்கும் போட்டியின் கோப்பையோ வேண்டும். வாயை மூடிக்கொண்டான்.

இறுதி ஆட்டத்தில் தலையால் பந்தை முட்ட எம்பிய ஏசுரத்தினம் தரையில் கால் ஊன்றினான். முட்டி உள்ளே மடிந்தது. படக்கென்ற சத்தம் பாஸ்கலுக்குத் தெளிவாகக் கேட்டது. கோப்பை வந்தது. ஏசுரத்தினம் கம்பூன்றி நடந்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து காய் பொறுக்கும் வேலைக்குப் போனான்.

அந்த முட்டி பாஸ்கலை விடவில்லை. காய் பறித்துவிட்டுச் சரிவில் இறங்கும் பெண்களின் நடையில் அது தெரிந்தது. மாதா கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவன் கண் பீடத்துக்குப் போகாமல் முட்டிகளின்மேல் போனது. யாராவது சுள்ளி ஒடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது. தினம் தினம் பயந்து செத்தான்.

மறுவருஷம் மூட்டைச் சோதனையை ஒழித்துக்கட்டினான். ஒவ்வொருவனையும் இடுப்புயரக் கல்கட்டிலிருந்து குதிக்கச் சொல்லி, கால் ஊன்றுவதைக் குனிந்து பார்த்தான். முட்டி கோணிய இரண்டு பேரை நீக்கினான். அவர்கள் வாயில் வந்தபடி வைதார்கள், வாங்கிக்கொண்டான். ஏசுரத்தினம் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாகப் பாஸ்கலே குதித்தான்.

“பாஸ்கலு, ஒனக்கும் முட்டி உள்ள போவுதுலே. நீ ஆடாத,” என்றான் ஏசுரத்தினம்.

பாஸ்கல் நம்பாமல் மறுபடி குதித்தான். உள்ளேதான் போனது. ஆட்டத்தை விட்டால் பாஸ்கலுக்கு வேறு எதுவும் இல்லை. ஆனாலும் அதைவிட, ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததுதான் இப்போது பெரிதாகத் தெரிந்தது. கொட்டிவிடலாம் என்று ஏசுரத்தினத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

ஏசுரத்தினம் முந்திக்கொண்டான். “போன வருசம் நீ என் முட்டியப் பாத்துக்கிட்டே நின்னத நானும் பாத்தேம்லே. நீ ஒண்ணுஞ் சொல்லல. அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”