புல் இல்லாத நான்கு ஏக்கர்

மலையாள எல்லையோரம் பெருமாட்டி ஊரில், செங்கோட்டையனின் நான்கு ஏக்கர் தென்னந்தோட்டம் போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு எழுந்து, மேற்கே நூறடி நடந்து, அவருடைய வீட்டுக்குள் புகுந்தது. மரங்கள் வேர் தெரிய அங்கேயே நின்றன. வந்தது மண் மட்டும். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது.

காரணம் கேட்டால் ஊரில் மழையைச் சொல்வார்கள். மூன்று வருஷமாக மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் சின்னையனுக்கும்தான் பொய்த்தது. செங்கோட்டையனுக்குப் புல்லைக் கண்டால் ஆகாது. தோட்டம் என்றால் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பார். நாலு தூறல் விழுந்தால் போதும், டிராக்டரில் ரொட்டவேட்டரைப் பூட்டி மண்ணை மாவாக அரைத்துவிடுவார். வரப்பில் காற்றை மறித்து நின்ற இருபத்துமூன்று பனைகளை, நிழல் விழுகிறது என்று வெட்டினார். ஆயிரத்து நூறு அடிக்குப் போர் போட்டு அடி ஈரத்தையும் உறிஞ்சி முடித்தார். சின்னையன் தோட்டத்தில் அருகும் கோரையும் முழங்கால் உயரம் கிடந்தன. பன்றி புரள்கிற இடம் என்று செங்கோட்டையன் அதைச் சொல்லிச் சிரிப்பார். மனைவி கண்ணாத்தாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: “ஏனுங்க, அந்த அருகாச்சும் இருந்துட்டுப் போகட்டுமுங்க. மண்ணுக்கு ஒரு புடிமானம் வேணுமல்லங்க.”

“பாக்கறவங்க சிரிப்பாங்க புள்ள” என்று சொல்லிவிட்டு அவர் டிராக்டரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்த மண்ணைக் கண்ணாத்தாள் முறம் முறமாக அள்ளிக் கொட்டினாள். பாதி மூச்சோடு உள்ளே போனது. பங்குனியில் படுத்துவிட்டாள். பக்கத்துச் சித்தூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சுக்குள் ரொட்டவேட்டர் ஓடிய தடம் வரிசை தப்பாமல் தெரிந்தது. இது தன் வேலையில்லை என்று கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். கிருஷி ஆபீசர் படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்து, மண் நல்ல மண், புல் பிடித்தால் நிற்கும், பிடித்த பிறகு பிடுங்கக் கூடாது என்றார். சித்திரை பிறந்ததும் அவள் நாசியிலிருந்து ஓர் அருகம்புல் எட்டிப் பார்த்தது. அன்றைக்கே இருமல் நின்றது. ஒரு தட்டு நிறையச் சோறு தின்றாள். “வேர் புடிச்சிருச்சுங்க. கை வெச்சறாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். செங்கோட்டையன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவள்மேல் அவருக்கு உயிர். அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

பதினொரு நாள் கையை அடக்கி வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உடம்பு விசாரிக்க வந்த சம்பந்தி வீட்டுக் கார் வாசலில் நின்றது. கண்ணாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். புல் உதடு வரை படர்ந்து பச்சையாகக் கிடந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே சுடுகாட்டுக்கு வேலையே வைக்கவில்லை. வேரோடு பிடுங்கி, எப்போதும் செய்கிறபடி வேரிலிருந்த மண்ணைத் தட்டி உதறினார். அதன் பின்னாலேயே அவள் மாவாகக் கிளம்பினாள். சம்பந்திகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலில் சேலை மட்டும் கிடந்தது. மற்றதெல்லாம் மேற்கு ஜன்னல் வழியாக வேலியைத் தாண்டிப் போய், சின்னையன் தோட்டத்துப் புல்லில் விழுந்து அசையாமல் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் மண் வருவதில்லை. வருவதற்கு மண்ணும் இல்லை. செங்கோட்டையன் தினமும் பதினொன்றே கால் மணிக்கு வேலியோரம் போய் நிற்கிறார். சின்னையன் நல்ல மனுஷர், நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். அவர் கையை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நீட்ட விடுவதில்லை.