புது நெருப்பு

லூர்து மெழுகுவர்த்தியைத் தகர டப்பாவுக்குள் செருகிக்கொண்டு மாதா கோவில் படிகளை விட்டு இறங்கியபோது, பின்னால் கூட்டம் இன்னும் நெருப்பைச் சுற்றி முண்டிக்கொண்டிருந்தது. சுவாமியார் கல்லைத் தட்டிக் கரியில் பற்றவைத்து, லத்தீனில் மந்திரித்த நெருப்பு. முதல் ஆளாய் வாங்குவதற்காக அவள் இரண்டு பேர் காலை மிதித்திருந்தாள். பூசைக்கு நிற்கவில்லை. வீட்டில் அப்பா கிடந்த கிடப்பில் நிற்பதற்கு நேரமில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, சேசு உயிர்விட்ட நேரம் என்று, அடுப்பையும் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே கோவிலில் மந்திரிக்கும் புது நெருப்பு வரும்வரை ஒரு தீக்குச்சிகூடக் கிழிப்பதில்லை. தென்னூரில் எல்லாக் கிறிஸ்தவர்களும் இத்தனை கெடுபிடியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பாவின் அக்கா ஞானப்பூ உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் அது இம்மியும் பிசகாது.

அப்பா சவரிநாதன் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, கோவிலில் முழங்காலிலேயே நின்று மன்றாடினார். அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து அவர் கோவில் படி ஏறவில்லை. கேட்டால், "அங்க இருட்டுதான் இருக்கு லூர்து. நான் நல்லாப் பாத்துட்டேன்" என்பார். சண்டை போடுகிறவர் குரலாக இருந்தால் பதில் சொல்லலாம். அவர் மழை வருமா வராதா என்று சொல்வது போலச் சொல்வார்.

இப்போது நெஞ்சில் நீர் கோத்துப் படுத்துவிட்டார். வியாழக்கிழமை சுவாமியார், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயோடு வந்தார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவாமியார் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, பூசாமலே போனார். "இப்படியே போனான்னா மந்திரிச்ச கல்லறை மண்ணுல இடம் குடுக்கமாட்டாங்கடி" என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லூர்துவுக்கு மண்ணைப்பற்றிக் கவலையில்லை. அப்பா இருட்டு என்று சொன்ன இடத்திலேயே தனியாகப் போய்விடுவாரே என்பதுதான்.

நேற்றுச் சாயங்காலம் அவரே கேட்டார். "நாளைக்குப் புது நெருப்புதானே?"

"ஆமாப்பா."

"கொண்டா. பாக்கிறேன்."

அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் சாமி சம்பந்தமாக அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது ஒன்றே. லூர்து உடனே போய்ப் பெட்டியைத் திறந்து, பிப்ரவரித் திருநாளில் மந்திரித்து வைத்த மெழுகுவர்த்தியை எடுத்துத் துடைத்தாள். சாகிறவர் கையில் கொடுப்பதற்கென்றே வீட்டுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். காலையில் கிளம்பும்போது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "சீக்கிரம் வந்துடும்மா" என்றார்.

ரயில் பாதைவரை சுடர் நன்றாகவே வந்தது. பாதையைத் தாண்ட நின்றபோது ஒரு பாசஞ்சர் வண்டி வந்தது. அவள் டப்பாவை மாரோடு அணைத்து முதுகைக் காட்டிக்கொண்டாள். என்ன அணைத்து என்ன, கடைசிப் பெட்டி போனதும் பார்த்தால் திரியில் புகைதான் இருந்தது.

பாதையோரம் பீடிக்கடை போட்டிருந்த மீரான் பார்த்துக்கொண்டிருந்தார். சவரிநாதனுக்கு இருபது வருஷமாக மூக்குப்பொடி கொடுப்பவர். எழுந்து வந்து ஒரு குச்சியைக் கிழித்து, கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

"இந்தா புள்ள, பத்தவச்சுக்க. அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"வேணாங்க. இது கோயில் நெருப்பாத்தான் இருக்கணும்."

"நெருப்புல என்னம்மா கோயில் நெருப்பு, கடை நெருப்பு?"

குச்சி அவர் விரல்வரை எரிந்து வந்ததும் உதறிவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார். லூர்து திரும்பிக் கோவிலைப் பார்க்க ஓடினாள்.

கோவில் வாசலில் நெருப்பு சாம்பலாகியிருந்தது. சுவாமியாரும் ஜனங்களும் உள்ளே போயிருந்தார்கள். தூணோரம் நின்ற ஒரு கிழவியிடம் கெஞ்சி, அவள் திரியிலிருந்து பற்றவைத்துக்கொண்டாள். வரும்போது ஓட முடியவில்லை. ஓடினால் அணைந்துவிடும், நடந்தால் நேரமாகிவிடும். அரை ஓட்டமும் அரை நடையுமாக, வாய்க்குள் மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தைப் பாதி பாதியாய்ச் சொல்லிக்கொண்டு அவள் தென்னூருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், பிறகு லூர்துவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தான்டி" என்றாள். "தெரு முனைய நீ திரும்பியிருப்ப. இப்பத்தான்."

உள்ளே கட்டிலருகே தேசிகன் நின்றிருந்தார். ஆபீசில் அப்பாவுக்கு எதிர் மேஜைக்காரர். அப்பா படுத்ததிலிருந்து தினமும் விடிகாலையில் காவேரியில் முழுகிவிட்டு, நெற்றியில் ஈரம் காயாத நாமத்தோடு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிடுவார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. "ஐயங்காரே, உன் பெருமாள் படுத்தே இருக்கார். என் சாமி ஆணியில தொங்குறார். நம்மள யாருய்யா பாக்கிறது?" என்று அப்பா கேட்பார். "அதான் நான் வரேனே" என்று தேசிகன் சொல்வார்.

இப்போது அவர் லூர்துவின் பக்கம் திரும்பினார்.

"விளக்கு கேட்டான்மா."

லூர்து நின்றாள்.

"மூஞ்சியிலேயே வெயில் அடிக்கறது. கண்ணைத் தொறந்துண்டு, 'ஒண்ணும் தெரியல, விளக்கு கொண்டாங்க'ங்கறான். ரெண்டு தடவை. நான் மாடத்திலேர்ந்து தீப்பெட்டிய எடுத்துட்டேன். உங்க அத்தை, புது நெருப்பு வர்றவரைக்கும் கொளுத்தப்படாதுன்னுட்டா. உங்காத்து ஆசாரம். நாம எப்படி மீறறதுன்னு…" அவர் ஜன்னல் கட்டையைக் காட்டினார். தீப்பெட்டி பாதி திறந்தபடி இருந்தது. "வெச்சுட்டேன்."

"நீ இதோ வர்ற, இதோ வர்றன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்டி" என்று வாசலிலிருந்து அத்தை சொன்னாள். அவள் அழவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கடா தம்பின்னேன்."

அப்பா எந்த விளக்கைக் கேட்டார்? கண் மங்கிய மனிதன் கேட்கிற விளக்கா, அவள் கொண்டுவருவதாகச் சொன்ன விளக்கா? இனி யாரிடம் கேட்பது. மீரான் நீட்டிய குச்சியில் பற்றவைத்திருந்தால், எந்த நெருப்போ ஒரு நெருப்பு, அவர் கேட்டபோது கையில் இருந்திருக்கும். குச்சி எந்தக் கடையினுடையது என்று ஆண்டவர் பார்த்திருப்பாரா? அவளுக்குத் தெரியவில்லை. பீடிக்கடையைப்பற்றி அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்தாள். "சுவாமியாருக்குச் சொல்லி அனுப்பணும். இடம் குடுப்பாரோ என்னமோ."

"நானே போறேன்" என்றார் தேசிகன். "கடைசில விளக்கு கேட்டான்னு சொல்றேன். நான் பக்கத்துல இருந்து என் காதால கேட்டேன்னு சொல்றேன். அது பொய்யில்லையே."

"அதக் கையில குடு லூர்து" என்றாள் அத்தை.

லூர்து டப்பாவிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து, கட்டிலோரம் மண்டியிட்டு, அப்பாவின் வலது கையில் வைத்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கினாள். விட்டதும் அவை மெல்ல விரிந்தன, மெழுகுவர்த்தி சாய்ந்தது. மறுபடி மடக்கினாள். மறுபடி விரிந்தன. மூன்றாவது முறை மெழுகுவர்த்தி இன்னும் சாய்ந்து, சுடர் அணையப் பார்த்தது.

தேசிகன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். செத்தவரின் கைமேல் தன் கையை வைத்து, மெழுகுவர்த்தியோடு சேர்த்து இறுக மூடிக்கொண்டார். சுடர் நிமிர்ந்தது.

சேசுவின் சாவுக்காக இரண்டு நாளாக ஊமையாய்க் கிடந்த கோவில் மணிகள் அப்போது உயிர்ப்பை அறிவித்து அடிக்கத் தொடங்கின. முதலில் தெப்பக்குளத்துப் பக்கம், பிறகு மேலப்புதூரில், பாலக்கரையில். அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு மூட்டுகிற புகை கிளம்பியது. அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெழுகு உருகித் தேசிகனின் விரல்களில் வழிந்தது. மணிகள் ஓயும்வரை அவர் கையை எடுக்கவில்லை.